வீட்டைக் கட்டிக்கொண்டவள்

குடும்ப வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்களுக்கு எங்கும் ஒரே வழிதான் காட்டப்படுகிறது. குடும்பப் பெயரைப் பிடித்துக்கொள், பூர்வீக ஊரைக் கண்டுபிடி, அந்த ஊர்ப் பதிவேட்டைப் புரட்டு. ஐரோப்பாவில் இது ஓரளவு பலிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டல்மேஷியக் கடற்கரையிலிருந்தும் தீவுகளிலிருந்தும் சிலிக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய குரோஷியர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று இதைத்தான் செய்கிறார்கள். ‘இச்’ என்று முடியும் ஒரு குடும்பப் பெயர் அவர்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெயர் எந்தத் தீவில், எந்தக் கிராமத்தில் அதிகம் என்று பார்க்கிறார்கள். பிறகு அந்தப் பங்கின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகளுக்குப் போகிறார்கள். திருமணங்களைப் பங்குக் குரு ஏட்டில் எழுதியே ஆக வேண்டும் என்று 1563இல் திரெந்து பொதுச்சங்கம் விதித்தது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல், வீடுவாரியாக ஆட்களைக் குறிக்கும் ‘ஆன்மாக்களின் நிலை’ ஏட்டையும் சேர்த்தது. அதனால் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இருநூறு முந்நூறு ஆண்டு பின்னால் போய்விட முடிகிறது.

யாரிடம் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் என் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்தாவது தலைமுறையில் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர். அவர்களில் 512 பேர் பெண்கள். குடும்பப் பெயரைத் தந்தவரோ ஒரே ஓர் ஆண். அந்த ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் ‘என் வம்சத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று சொல்லிவிடலாம். 1,023 பேரைக் கணக்கில் விட்டுவிட்டு எழுதப்படும் ஒரு கதைக்குத்தான் வம்சாவளி என்று பெயர்.

தலைப்பெழுத்தின் ஆயுள்

தமிழ்நாட்டில் இந்த வழி முதல் அடியிலேயே நின்றுவிடும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரில் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். ஓர் ஆணின் தலைப்பெழுத்துக்கு ஆயுள் ஒரு தலைமுறை. பெண்ணுக்கு அதுவும் இல்லை. கல்யாணமானதும் அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்து உட்காரும். ரேஷன் அட்டையில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று என்று அலைகிற பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாமல் போனதற்குப் பெருமைப்படத்தக்க ஒரு காரணமும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. வேறு மாநிலங்களில் குடும்பப் பெயர் என்று சொல்லப்படுவதில் பாதி, சாதிப் பெயர்தான். அதைத் தூக்கிப்போட்டது இந்த மண் செய்த பெரிய காரியம். அதே மாநாடு, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தது. முதல் தீர்மானம் ஒரு தலைமுறைக்குள் பழக்கமாகிவிட்டது. இரண்டாவது சட்டமாக 60 ஆண்டு ஆயிற்று. ஆண்கள் தங்கள் பெயரின் பின்பக்கத்திலிருந்து சாதியை வெட்டினார்கள். முன்பக்கத்தில் இருந்த அப்பாவை அப்படியே விட்டுவைத்தார்கள். அம்மாவின் எழுத்துக்கு அங்கே இடம் உண்டா என்ற கேள்வி பல ஆண்டு கழித்து, தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்கள் பள்ளிக்கூட வாசலிலும் நீதிமன்றத்திலும் நின்றபோதுதான் கேட்கப்பட்டது.

பெண்ணின் பெயரை ஏட்டில் ஏற்றுவதில் நாட்டுக்கே ஒரு வரலாறு உண்டு. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கான பட்டியலில், பெரும்பாலும் வடமாநிலங்களைச் சேர்ந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்று மட்டுமே சொல்லிச் சொந்தப் பெயரைச் சொல்லாததே காரணம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது கேள்வி திரும்பி வந்தது. 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ உங்கள் பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது என்று படிவம் கேட்டது. பிறந்த ஊரிலேயே குடியிருக்கும் ஆணுக்கு அது ஐந்து நிமிட வேலை. இருபது வருடத்துக்கு முன் வேறு தாலுகாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவளோ அப்பா வீட்டு ஊர், பழைய தொகுதி, பழைய பாகம் என்று தேடினாள். அதிலும் அவள் பெயர் எந்த எழுத்தோடு இருக்கிறது என்று யோசித்தாள். வம்சாவளி தேடுவது பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களுக்கு அது குடியுரிமை சார்ந்த விவகாரம் என்று அந்த மாதம் உறைத்தது.

மன்னவனூரில் கிடைத்த ஒரு கையெழுத்து

என் அம்மாவின் அம்மா மன்னவனூரில் பிறந்தவர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டி மேற்கே போனால் வரும் மேல்மலைக் கிராமம். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிவயல்கள். பாட்டி கல்யாணமாகிப் பழனிப் பக்கம் இறங்கியவர், திரும்பி ஏறியது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். அவருடைய அம்மா யார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டபோது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டியின் அப்பா பெயரும் அவருடைய அப்பா பெயரும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏட்டைப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு. நிலத்தைப் பற்றிய எல்லாமே அவற்றில் இருக்கின்றன: புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, நஞ்சையா புஞ்சையா, பாசனம் எது. உரியவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருக்கின்றன. கொள்ளுத்தாத்தா இறந்ததும் நிலம் மகன்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. மகள்கள் நான்கு பேர் என்று எனக்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது. அந்த மண்ணில் பூண்டு நட்டதும் களையெடுத்ததும் அவர்கள்தான். அடங்கலில் பயிரின் பெயர் உண்டு, நட்டவள் பெயர் கிடையாது.

பாட்டியின் பெயர் முழுசாக ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்தது. அது ஒரு விடுதலைப் பத்திரம். கல்யாணத்தின்போது நகையும் சீரும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால் தகப்பனார் சொத்தில் தனக்கு இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று சகோதரர்களுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம். இன்னார் மகள், இன்னார் மனைவி என்ற இரண்டு ஆண் பெயர்களுக்கு நடுவில் அவர் பெயர். கீழே பெருவிரல் ரேகை. கையெழுத்தாக நான் தேடிப்போனது அந்த ரேகைதான் என்று வைத்துக்கொள்ளலாம். அரசாங்க ஏடு அவரை ஒரு தனி ஆளாக ஒப்புக்கொண்ட முதல் தருணம், அவர் உரிமையை விட்டுக்கொடுத்த தருணம். எடுப்பதற்குத் தேவைப்படாத பெயர் விடுவதற்குத் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்களில் பெண்களின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: விடுதலைப் பத்திரங்களில் பாருங்கள், அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள்.

இந்த ஊரில் இன்னொரு பதிவேடும் உண்டு. 1965 முதல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாரத் மெரினோ என்ற கம்பளி இனத்தை அங்கே வளர்க்கிறார்கள். இனவிருத்திப் பண்ணை எதுவானாலும் குட்டி பிறந்ததும் தகப்பன் கிடாவின் எண்ணோடு தாய் ஆட்டின் எண்ணையும் எழுதியாக வேண்டும். தாய் தெரியாவிட்டால் இனவிருத்தியே நடக்காது. ஆட்டுக்கு இது அறிவியல். அதே மலையில் மனுஷிக்கு மட்டும் தகப்பன் வழி போதும் என்று இருந்துவிட்டோம்.

வாசல் நிலைக்கு ஒரு மணப்பெண்

குடும்ப ஆவணங்களில் கிடைக்காதவளைத் தேடி நான் காலனிய அதிகாரிகளின் நூல்களுக்குப் போனேன். பழனிமலையின் குன்னுவர்களைப் பற்றி ஜே.எச். நெல்சன் 1868இல் தம் மதுரை நாட்டு நூலில் எழுதினார். 1906இல் வந்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதினார். 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் இவற்றைத் தொகுத்தார். மூன்றும் ஒரு வழக்கத்தைச் சொல்கின்றன. ஆண் வாரிசு இல்லாத வீட்டில், மகளை வெளியே கட்டிக்கொடுத்தால் சொத்து போய்விடும். அதனால் அவளை அந்த வீட்டுக்கே கட்டிவைப்பார்கள். நெல்சன் சொல்வது, ஒரு சிறு பையனுக்கோ தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கோ. பிரான்சிஸ் சொல்வது, வாசல் நிலைக்கு. கழுத்தில் தாலிக்குப் பதிலாக வலக்கையில் வெள்ளி வளையல். பிறகு அவள் தன் சாதிக்குள் விரும்பிய ஆணோடு வாழலாம். அவள் பெற்றோருக்கு வாரிசு. அவளுக்கு மகன் பிறந்தால் சொத்து அவள் வழியாக அவனுக்கு.

இந்தப் பகுதியை மூன்று விதமாகப் படிக்கலாம். முதலாவது, எழுதியவர்கள் படித்த விதம். நெல்சனின் நடையில், அவள் இஷ்டப்படி களிக்க விடப்பட்டவள் என்ற ஏளனம் இருக்கிறது. பிரான்சிஸ் உடனே பெல்லாரியின் பசவிப் பெண்களோடு ஒப்பிடுகிறார். இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள், சொத்துக்கு உரியவளான ஒரு மலைப்பெண்ணைக் கண்டதும் அவள் படுக்கையைப் பற்றித்தான் எழுதினார்கள். அவள் நிலத்தை யார் உழுதார்கள், விளைச்சலை யார் விற்றார்கள், சாவடியில் அவள் பேச்சு எடுபட்டதா என்று ஒரு வரி இல்லை.

இரண்டாவது, நம்மில் சிலருக்கு ஆசையாக இருக்கும் படிப்பு: ஆஹா, பழனிமலையில் பெண்கள் சுதந்திரமாக இருந்திருக்கிறார்கள்! எனக்கு அதிலும் உடன்பாடில்லை. அந்தச் சடங்கு காப்பாற்றுவது பெண்ணை இல்லை, வீட்டை. மகனில்லாத வீட்டுக்கு ஒரு மகன் வந்து சேரும்வரை அவள் நடுவில் நிற்கிறாள். அவளுக்கு மகள் மட்டுமே பிறந்தால் என்ன ஆகும் என்று நூல் பேசவில்லை. அந்த மகளும் அதே நிலைக்குக் கட்டப்பட்டாளா? விருப்பமில்லாதவள் மறுக்க முடிந்ததா? அதே பக்கங்கள் இன்னொன்றும் சொல்கின்றன. அத்தை மகள்மேல் ஆணுக்கு உள்ள முறை அங்கே கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது, அதனால் வளர்ந்த பெண்கள் சிறு பையன்களுக்குக் கட்டிவைக்கப்பட்டார்கள் என்று. முறை என்பது அங்கே ஆண் கேட்கும் உரிமை.

நான் படிக்க விரும்பும் மூன்றாவது விதம் வேறு. மற்ற கல்யாணங்களில் மறைத்துச் சொல்லப்படுவதை இந்தச் சடங்கு பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுகிறது. பெண்ணைக் கட்டிக்கொள்வது ஆண் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவளைக் கட்டிக்கொள்வது வீடு, நிலம், அந்த நிலத்தின் எல்லைக்கல். ஆண் இருந்தால் அவன் பெயரில் அது நடக்கிறது; இல்லாவிட்டால் மரக்கட்டையே போதும். குடும்ப வரலாறு தேடுகிறவளுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. சொத்து அவள் வழியாகப் போவதால், அந்த ஒரு தலைமுறையில் மட்டும் தாயின் பெயரை ஊர் மறக்க முடியாது. மகனுக்குத் தகப்பன் யார் என்று கேட்டால் பதில் தேவையில்லை, தாய் யார் என்பதற்குப் பதில் இருந்தாக வேண்டும். தாய்வழி ஒரு தனிமனிதரின் பாசத்தால் நினைவில் நிற்பதில்லை, உரிமையால் நிற்கிறது. இதை நான் அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அதே பக்கங்களில் இன்னொரு கூட்டம் ஓரமாக நிற்கிறது. குன்னுவர்கள் சமவெளியின் கலவரத்துக்கும் பஞ்சத்துக்கும் தப்பி மலையேறி வந்தவர்கள் என்று அவர்களுடைய மரபே சொல்கிறது. அதற்கு முன் அங்கே பயிர் செய்தவர்கள் புலையர்கள். வந்தவர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு அவர்களைப் பண்ணையடிமைகளாக்கினார்கள் என்று பிரான்சிஸ் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார், கூடவே அவர்களைச் சோம்பேறிகள் என்றும் சொல்லிவிடுகிறார். கட்டிவைக்க வாசல் நிலை இருந்த வீட்டுப் பெண்ணைப் பற்றியாவது ஒரு பத்தி எழுதப்பட்டது. நிலம் பறிபோன வீட்டுப் பெண்ணைப் பற்றி அதுவும் இல்லை. என் பாட்டியின் பெயர் ஒரு பத்திரத்திலாவது கிடைத்தது என்றால், விட்டுக்கொடுக்க ஏதோ நிலம் இருந்த வீட்டில் அவர் பிறந்ததால்தான். வேரைத் தேடுகிறேன் என்று புறப்படும் நம்மில் பலரும் இந்த இடத்தில் வேகமாகக் கடந்துபோகிறோம். நம் வேர் யாருடைய மண்ணில் இறங்கியது என்பதும் குடும்ப வரலாறுதான்.

எண் போட்டுக் கப்பலேற்றப்பட்டவர்கள்

நிலமில்லாத தமிழ்ப் பெண்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டில் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரைசேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள், பெரும்பகுதி சென்னை வழியாக. நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். தனியாகப் போன பெண்களும் அப்படியே எழுதப்பட்டார்கள்.

அவர்களுடைய சந்ததியினர் இன்று அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு வேலூர், திருச்சி, மதுரை என்று ஊர் தேடி வருகிறார்கள். நாயுடு, கோவிந்தர், பிள்ளை, படையாச்சி என்று அங்கே குடும்பப் பெயராக உறைந்துபோன ஆண்வழிப் பெயர்களைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. ஆயிரம் கோவிந்தர்களில் எந்தக் கோவிந்தர்? கொள்ளுப்பாட்டியின் எண் தெரிந்தால் அவள் கிராமம்வரை போய்விட முடியும். அவளை அவ்வளவு துல்லியமாக எழுதியது மரியாதையால் அல்ல. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், கூலி கணக்குப் பார்க்க வேண்டும். உழைப்பை எண்ணிய ஏடு பெண்ணை எண்ணியது, சொத்தை எண்ணிய ஏடு அவளை விட்டுவிட்டது. இரண்டுமே அவளிடம் அனுமதி கேட்கவில்லை.

சட்டம் இன்னும் கட்டிவைத்திருக்கும் நிலை

1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்குதாரர் ஆனாள். அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் சொன்னது. கழுத்தில் விழுந்த முடிச்சின் தேதி அவள் யார் மகள் என்பதைத் தீர்மானித்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்தது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளைத் திருத்தம் தொடாது.

அதிகம் பேசப்படாதது 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவு. பிள்ளைகள் இல்லாமல் ஒரு இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், பெற்றோரிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவள் தானே சம்பாதித்தது, கணவனும் இல்லாவிட்டால், கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அதற்குப் பிறகுதான். ஆண் இறந்தால் அவன் தாய் முதல்நிலை வாரிசு. பழனிமலையில் வாசல் நிலைக்குக் கட்டிவைத்ததை விசித்திரமான வழக்கம் என்று படித்துச் சிரிக்கும் மாணவிகளிடம் இந்தப் பிரிவைத்தான் நான் வாசித்துக் காட்டுவது. இன்றும் சட்டத்தின் கண்ணில் சொத்துக்கு அப்பா வீடு, மாமியார் வீடு என்று இரண்டு வாசல்கள்தான். பெண் நடுவில் நிற்கிறாள்.

பெயர்த்தியின் வேலை

பேரன், பேத்தி என்பவை பெயரன், பெயர்த்தி என்ற சொற்களிலிருந்து வந்தவை. மூதாதையின் பெயரைச் சுமப்பவர்கள் என்று பொருள். குடும்பப் பெயர் இல்லாத மொழி, வம்சத்துக்கு வைத்திருக்கும் சொல் இது. அதைப் பெண்வழியில் எடுத்துக்கொள்ள யாரும் தடைபோடவில்லை.

பெண்வழியைத் தேடுகிறவள் பெயரை விட்டு ஊரைப் பிடிக்க வேண்டும். பாட்டிகளுக்குப் பெயர் மறந்திருக்கும், பிறந்த ஊர் மறக்காது. நம் பக்கத்து மொய் நோட்டுகள் ஊர்வாரியாக எழுதப்பட்டவை. எழுதியிருப்பது ஆண் பெயர்தான் என்றாலும், எந்த ஊரிலிருந்து தாய்மாமன் சீர் வந்தது என்பதில் அம்மாவின் ஊர் இருக்கிறது. பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவிலும் எவர்சில்வர் குடத்திலும் பெயர் வெட்டியிருக்கும். நகை அடகுக்குப் போகும், நிலம் அண்ணனுக்குப் போகும், பாத்திரத்தில் வெட்டிய பெயர் அப்படியே இருக்கும். ஒப்பாரி தெரிந்த கிழவிகளைப் பாடச் சொல்லிக் கேட்டால், பட்டாவில் இல்லாத தாய்வீடு அதில் வாசலும் முற்றமுமாக வரும். ஒரு தாளில் என் பெயர், அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று எழுதி, பக்கத்தில் பிறந்த ஊரை எழுதச் சொன்னால் என் வகுப்பில் பெரும்பாலோர் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். நான்காவது வரி தெரிந்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகள் பல. அடுத்த பொங்கலுக்கு இருப்பார் என்று சொல்ல முடியாது.

நினைவு மட்டும் போதாது. உரிமை இருக்கும் இடத்தில்தான் பெயர் நிற்கும் என்பதை மேல்மலையின் அந்தப் பழைய வழக்கம் சொல்லிவிட்டது. ஆகவே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது உங்கள் எழுத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும்போது அக்கா தங்கைகள் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தச் சம்பாத்தியம் இருந்தால் உயில் எழுதுங்கள். அண்ணன் தம்பி விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், அன்பால் நீட்டினாலும், முழுக்கப் படியுங்கள். விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. படிக்காமல் ரேகை வைத்த தலைமுறை ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. நமக்குப் படிக்கத் தெரியும்.